அரைச் சுற்று

அவர் எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். புறங்கையை வைத்துப் பார்ப்பார். டீ கிளாஸைக் கையில் வாங்கும் முன் அதன்மேல் ஒருதரம் புறங்கை. வெயிலில் நிற்கும் சைக்கிள் சீட்டின்மேல் புறங்கை. “உள்ளங்கை காய்ச்சுப் போச்சும்மா, அதுக்கு இன்னா தெரியும்? பொறங்கைதான் நெசத்தைச் சொல்லும்” என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே எது கெட்டாலும், மற்றவர் வாயைத் திறப்பதற்குள், “என் மேலதாங்க தப்பு” என்று முந்திக்கொள்வார். வேறு எதிலும் அவர் முந்தி நான் பார்த்ததில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை என்னால் அந்தப் பெயர் போன் போனாகச் சுற்றியது. அது போதும்.

போளூரில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பள்ளிக்கூடத்துக்கு ஏரிக்கரைமேல் நடந்து போகவேண்டும். ஒரு மழைக்காலத்தில் கரை உடையப்போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டேன். கரை இன்றுவரை உடையவில்லை. பயம் மட்டும் என்னோடு புகுந்த வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான்.

அவர் மலையடிவாரத்து ஊர்க்காரர். பத்துப் பன்னிரண்டு சைக்கிள் வைத்திருந்தார். கோடையில் குடும்பமாக வருகிறவர்களையும் சைக்கிள்களையும் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூர் வரை போவார். அங்கிருந்து இறக்கம். மிதிக்கவே வேண்டாம். பிரேக்கில் கையை வைத்து உட்கார்ந்தால் மலையே கொண்டுவந்து கீழே விட்டுவிடும். வேலூர், ஓசூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசி ஆளாக அவர் இறங்குவார். நாலு வளைவுக்கு ஒருதரம் விசில் ஊதி எல்லோரையும் நிறுத்துவார். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து ரிம்மில் புறங்கையை வைப்பார். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் தோசைக்கல்லாகிவிடும், உள்ளே ட்யூப் வெடித்துவிடும். சூடு ஆறினால்தான் அடுத்த விசில்.

என்னிடம் அவர் வந்தது சீட்டுக்கு ரெக்ஸின் உறை தைக்க. அது நன்றாக அமைந்ததும், விழுந்தால் முட்டியில் அடிபடாமல் இருக்க ஸ்பாஞ்சு வைத்த பட்டைகள் கேட்டார். பெரியவர்களுக்கு ஆறு ஜோடி, குழந்தைகளுக்கு ஆறு. குழந்தைகளுக்கானதில் எலாஸ்டிக்கை நான் ஒரு விரற்கடை குறைத்து வெட்டிவிட்டேன். நோட்டில் அவர் சொன்ன அளவு சரியாகத்தான் எழுதியிருந்தது. மாட்டிப் பார்த்த குழந்தைகளுக்குக் கால் சிவந்துபோனதாம். திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார். நான் நோட்டைப் புரட்டுவதற்குள், “என் மேலதாம்மா தப்பு. அளவை சரியா சொல்லியிருக்க மாட்டேன்” என்றார்.

நான் நோட்டை மூடிவிட்டேன். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு தப்பு எவ்வளவு சுலபமாகக் கைமாறுகிறது என்பதை அன்றைக்குத்தான் பழகிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அவரைக் கண்டால் சிரிப்பு. உரக்கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வரும்போது அவர் உட்கார்ந்திருந்தால், “இன்னாங்க, இந்த வருஷம் மழையே காணோம். அதுவும் உங்க வேலைதானா?” என்பார். அவரும் சளைக்காமல், “நான்தாங்க. மேகத்தைக் கட்டி வெச்சுட்டு அவுக்க மறந்துட்டேன்” என்பார்.

ஒருநாள் நான் கேட்டேன். “ஏண்ணா, ஊருல இருக்கற தப்பையெல்லாம் நீங்களே இழுத்துப் போட்டுக்கறீங்க?”

“பத்து பேரு எறங்கற எடத்துல எதுனா ஒண்ணு ஆவும்மா. யாரு தப்புன்னு பேசிக்கினு நின்னா வெயிலு ஏறிப்பூடும். யாராச்சும் ஒருத்தரு எடுத்துக்கிட்டா பேச்சு முடிஞ்சுது. வண்டி நகரணுமில்ல?”

அப்போது அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

உறையைப் பொருத்திப் பார்ப்பதற்காக ஒரு சின்ன சைக்கிளை என் வாசலுக்கே ஓட்டி வந்திருந்தார். பின் பிரேக்குக்குப் போகும் ஒயரின் முனையில் ஒரு சின்னத் திருகு இருந்தது. இது என்ன என்று கேட்டேன். “உன் மெஷின்ல நூலை இறுக்க ஒரு திருகு கீதே, அதே கதைதாம்மா” என்று என் கையைப் பிடித்து வைக்காத குறையாகக் காட்டினார். “இப்படித் திருப்புனா பிரேக்கு இறுகும். அரை சுத்து. அதோட நிறுத்திக்கணும். அதுக்கு மேல போனா பிரேக்கு கட்டை ரிம்மை வுடாது, ஒட்டிக்கினே வரும். கீழ போறதுக்குள்ள வெந்துபூடும்.”

திருப்பிப் பார்த்தேன். விரலுக்கு நன்றாகப் பழகிய வேலை. நானே என் பிள்ளையின் சைக்கிளை மெதுவாக்க முடியும் என்று அன்றைக்கு மனதில் ஓடியது. அப்போது என் மகளை அந்த மலைக்குக் கூட்டிப்போகும் யோசனைகூட எங்களுக்கு இல்லை.

யோசனை ஓசூரிலிருந்து வந்தது. மே மாதம் கொழுந்தனும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். கொழுந்தனுக்குப் போன் இல்லாமல் கை இருக்காது. “பக்கத்துலயே மலைய வெச்சிக்கினு வூட்டுல ஃபேனுக்குக் கீழ படுத்துக் கெடக்கறீங்களே அண்ணி” என்றான். மகளுக்குப் பதினோரு வயது. நான் பதில் சொல்வதற்குள் அவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரரும் ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டார். நான் ஏறவில்லை. குட்டியானையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னாலேயே வருகிறேன் என்றேன். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு கடையில் பலாச்சுளை வாங்கித் தின்றார்கள். அந்த நேரத்தில் நான் மகளின் சைக்கிளருகே போனேன். அரைச் சுற்று. மனது கேட்கவில்லை. இன்னொரு அரை.

முதல் நிறுத்தத்தில் அவர் கண்டுபிடித்துவிட்டார். அவளுடைய பின் ரிம்மில் வைத்த கையை அப்படியே எடுக்காமல் வைத்திருந்தார். மற்றவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் வந்து தொட்டார். திருகைத் தளர்த்தினார். “என் மேலதான் தப்பு பாப்பா, இறுக்கி வெச்சுட்டேன் போல. இப்ப பாரு, காத்து மாதிரி போவும்” என்றார். என்னை அவர் பார்க்கவில்லை. நான் பலாக்கொட்டையை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன்.

காற்று மாதிரியேதான் போனாள். வளைவில் திரும்பும்போது அவள் சிரிப்பது வண்டிக்குள் எனக்குக் கேட்டது. ஒருபக்கம் மலை, ஒருபக்கம் வெள்ளையடித்த கற்கள், கற்களுக்கு அப்பால் ஒன்றுமில்லை. டிரைவர் என்னைப் பார்த்து, “இன்னாக்கா, பிரேக்கு உங்க காலுக்குக் கீழயா கீது, இந்த மிதி மிதிக்கறீங்க?” என்றார். நான் வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது நிறுத்தம். விசில். எல்லா ரிம்மையும் தொட்டுப் பார்த்தார். அவளுடையதைத் தொட்டு, “சில்லுனு இருக்கு” என்று அவளிடமே சொல்லிவிட்டு, கொழுந்தன் மனைவியின் சைக்கிளில் கழன்ற செயினை மாட்டப் போனார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகள் அப்பாவிடம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கிப் போனேன். அவர் பார்த்து முடித்த சக்கரத்தைத்தான் திருகினேன். எண்ணித்தான் திருகினேன். ஒன்றரைச் சுற்று.

ஏறி உட்கார்ந்து கொஞ்சம் நகர்ந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். “ம்மா, இழுக்குதும்மா.”

“எறக்கம் வந்தா ஓடும், போ” என்றேன்.

எத்தனையாவது வளைவு என்று எனக்குத் தெரியாது. பட்டாசு வெடித்தமாதிரி ஒரு சத்தம். அவளுடைய சைக்கிள் பாம்பாக நெளிந்தது. கற்கள் பக்கம் போய், எப்படியோ திரும்பி, மலைப் பக்கத்து ஓரக்கால்வாயில் விழுந்தது. மலைப் பக்கம். அதை நான் இன்றைக்கும் தினம் ஒருதரம் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஒருநாளும் யாரையும் முந்தாதவர் அன்றைக்கு முந்திக்கொண்டு போனார். நான் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் அவளைத் தூக்கி மடியில் போட்டிருந்தார். தாடை கிழிந்து அவர் சட்டையெல்லாம் ரத்தம். இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டே போனது. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டியில் நான் தைத்த பட்டை இருந்தது.

அவளை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளிடம் போனார். ரிம்மில் புறங்கையை வைத்தார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தோல் வெந்துவிட்டது. ஊதக்கூட இல்லை. திருகை இரண்டு விரலால் பிடித்துத் தளர்த்தினார். அரை. இன்னொரு அரை. இன்னொரு அரை. உதடு அசைந்தது, எண்ணினார் என்று நினைக்கிறேன். பிறகு தலையைத் தூக்கினார்.

கொழுந்தன் போனை நீட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். “பிரேக்கு சரியில்லாத வண்டிய கொழந்தைக்குக் குடுக்கறியே, மனுசனாய்யா நீ? எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க இந்தாள!”

“என் மேலதாங்க தப்பு” என்றார் அவர்.

“தப்புன்னா? தப்புன்னு சொன்னா ஆச்சா?”

“என் மேலதாங்க. மொதல்ல பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோலாம்.”

நான் பேசவில்லை. பிள்ளை ரத்தத்தோடு கிடக்கும்போது யார் என்ன பேசமுடியும் என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆஸ்பத்திரியில் தாடைக்கு ஆறு தையல் போட்டுக் கையில் கட்டுப் போட்டு முடியும்வரை நாலு மணி நேரம் அவர் வாசலில் நின்றார். நாலு மணி நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

கொழுந்தன் அன்று சாயங்காலமே வீடியோவை அனுப்பிவிட்டான். ஒரே வாரத்தில் எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள், பார்த்து ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி. அவர் பெயர், ஊர், சைக்கிள் எல்லாம் அதில் இருந்ததாம். சொல்லி வைத்திருந்த குடும்பங்கள் வரவில்லை. வெயில் காலம் முடிவதற்குள் சைக்கிள்களை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒருதரம் வந்தார். அந்த மே மாதத்துக்கு முன்னாலேயே இன்னும் ஆறு ஜோடி பட்டை தைக்கச் சொல்லியிருந்தார், அதை வாங்கிப் போக. மகளுக்கு ஒரு பை நிறையப் பலாச்சுளை. அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அந்தப் புறங்கையில் ரிம் சுட்ட இடத்தில் தோல் பளபளவென்று மாறியிருந்தது.

கடைசிப் பட்டையில் ஒரு ஓரம் பாக்கி. அவரை உட்காரச் சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். நூல் தளர்வாக விழுந்தது. பழக்க தோஷத்தில் கை திருகுக்குப் போனது.

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தினி சுத்தும்மா?” என்றார்.

“அரை சுத்துண்ணா.”

“கூடப் போட்டா?”

“நூலு அறுந்துபூடும்.”

“ம்” என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது என்னவோ நான் ஒரு பொருளைத் தேடி எடுத்துத் தரும்வரை காத்திருப்பது போலிருந்தது. நான் மிதித்தேன். மெஷின் சத்தம் போட்டது. ஒரு ஓரத்துக்கு மேல் இன்னொரு ஓரம், தேவையில்லாமல் மூன்றாவது ஓரம். நிறுத்தினால் பேச வேண்டியிருக்கும்.

அவர் எழுந்துகொண்டார். “என் மேலதாம்மா தப்பு. பயந்த ஆளுன்னு தெரிஞ்சும் திருகைக் காட்டிக் குடுத்தேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்வதுபோலச் சொன்னார். சைக்கிளே இல்லாத மனிதர் ஆறு ஜோடி முட்டிப் பட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. செங்கம் பக்கம் போய்விட்டார் என்றார்கள். புதூர்நாட்டில் யாரோடோ புளி வியாபாரத்துக்குச் சுற்றுகிறார் என்றும் சொன்னார்கள். இரண்டுமே பொய்யாக இருக்கலாம். நானும் போய்த் தேடவில்லை.

ஐந்து வருடமாகிறது. மகள் அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. தாடைத் தழும்பைப் பற்றி யார் கேட்டாலும், “ஒரு சைக்கிள்காரரு பிரேக்கைப் பாக்காம குடுத்துட்டாரு” என்பாள். நான் அடுப்படியில் இருந்தால் குக்கர் சத்தம் வரட்டும் என்று நினைப்பேன். போன வருடம் பிளஸ் ஒன்னில் எல்லோருக்கும் கொடுத்ததுபோல அவளுக்கும் அரசாங்கச் சைக்கிள் வந்தது. ஓட்டமாட்டேன் என்று வாசலில் நிறுத்திவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அந்த நிம்மதியும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் கொழுந்தன் வந்திருந்தபோது பழைய படம், வீடியோவெல்லாம் அவளுக்கு அனுப்பினான். அவன் ஓசூர் போன பிறகு ஒரு மத்தியானம், போனை எடுத்துக்கொண்டு என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ம்மா, இதுல அந்த சைக்கிள்காரரு இன்னாத்துக்கு உன் கையவே பாக்கறாரு?”

நான் அந்த வீடியோவை அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்தேன். கொழுந்தன் குரல். ஓரத்தில் நான் நிற்கிறேன். வலது கை கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறுப்பு மசகு. அதை முந்தானையில் துடைக்கிறேன், மறுபடியும் துடைக்கிறேன். அவர் திருகை விட்டுத் தலையைத் தூக்கி நேராக அந்த விரல்களைப் பார்க்கிறார். ஒரு மூச்சு நேரம். பிறகு போனைப் பார்த்து, “என் மேலதாங்க தப்பு.”

மெஷினிலிருந்து காலை எடுத்தேன். சொன்னேன். முதல் நிறுத்தம், இரண்டாவது நிறுத்தம், ஒன்றரைச் சுற்று, எல்லாம். நீ மெதுவாகப் போகணும்னுதான் என்று சொல்லத் தொடங்கி அதை முடிக்கவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். “இழுக்குதுன்னு உங்கிட்ட சொன்னேன் இல்ல?” என்றாள்.

“சொன்ன.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

 பிறகு வாசலுக்குப் போனாள். அவளுடைய சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து நகர்த்தி, பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். சக்கரம் அரை வட்டம் ஓடி நின்றுவிட்டது. மறுபடியும் சுற்றினாள். மறுபடியும் நின்றது.

“இதையுமா?” என்றாள்.

அந்தச் சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவள் தூங்கிய பிறகு திருகி வைத்திருந்தேன். ஒருவேளை ஓட்டிவிட்டாளானால் என்று.

“ஆமாம்” என்றேன்.

“கழட்டு.”

உட்கார்ந்து தளர்த்தினேன். விரலில் மசகு ஒட்டியது. நிமிர்ந்தால் அவள் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். 

“சித்தப்பா எடுத்தாரில்ல, நானும் எடுக்கறேன். கையைக் கீழ போடாத, காட்டு. யாரு மேல தப்புன்னு சொல்லு.”

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தானைக்குப் போன கையை நிறுத்திக்கொண்டேன்.  தொடங்க வேறு வார்த்தை எதுவும் வரவில்லை.

“என் மேலதாங்க தப்பு” என்றேன். மீதியையும் சொன்னேன்.

அன்றைக்கே அவள் அதை எல்லோரும் பார்க்கிறமாதிரி நெட்டில் போட்டாள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “அந்தாள மழைக்கெல்லாம் கிண்டல் பண்ணேனே” என்று மட்டும் சொன்னார். கொழுந்தன் தன்னுடைய பழைய வீடியோவை அழித்துவிட்டதாகச் சொன்னான். “ஆனா அது யாரு யாரு போன்ல கீதோ அண்ணி, அத நான் எப்படி அழிக்கறது?” என்றான்.

அவனுடையதைப் போளூரே பார்த்தது. மகள் போட்டதை நேற்றுவரை முப்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது அவர் இருக்கும் இடம் தெரிந்திருக்கும், கொண்டுபோய்க் காட்டுவார்கள் என்று, காலையில் மெஷினில் உட்காரும் முன் மகளின் போனை வாங்கித் திறந்து பார்க்கிறேன்.

“நீ பாக்கறதையும் அது கணக்குல சேத்துக்கும்மா” என்றாள் இன்றைக்கு.

முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் நானாகத்தான் இருப்பேன்.